ஒடிந்த டேப்பும் ஒரு தீப்பொறியும்



பி.காம் படிக்கிற பையனுக்கு லேத் பட்டறைச் சமாச்சாரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன செமஸ்டர் லீவில் அப்பாவின் பட்டறையில் நான் ஒரு டேப்பை ஒடித்தேன். 'டக்' என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஓர் உலகப் போரும், ரஷ்யாவில் ஒரு கணவன் மனைவியும், அமெரிக்காவில் மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் டேப் என்றால் என்ன? நம்ம வகுப்பு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இது தண்ணீர் வரும் டேப்பும் இல்லை, ஒட்டுகிற டேப்பும் இல்லை :-) ஒரு நட்டை எடுத்து உள்ளே பாருங்கள். சுற்றிச் சுற்றிப் போகும் கோடுகள் தெரியும். அதுதான் மரை. துளைக்குள் அந்த மரையை வெட்டும் கருவிக்குப் பெயர் டேப். பார்ப்பதற்கு போல்ட் மாதிரியே இருக்கும். ஆனால் நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் ஓடும். வெட்டுப்படுகிற உலோகச் சுருள் அந்தப் பள்ளங்களில் சேர்ந்து வெளியே வர வேண்டும். அதனால் கையால் டேப் போடும்போது அரைச் சுற்று முன்னால் திருப்பினால் கால் சுற்று பின்னால் திருப்ப வேண்டும். அப்போதுதான் சுருள் அறுந்து இடம் விடும்.

எனக்கு அப்பா இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு அலுமினிய வார்ப்பு. அதில் 16 துளைகள், எல்லாமே அடி மூடிய துளைகள். 15 துளைகளுக்கு ஒழுங்காகப் போட்டேன். பதினாறாவதில் 'முடியப் போகிறதே' என்ற சந்தோஷத்தில் பின்னால் திருப்ப மறந்துவிட்டேன். அலுமினியம் மெத்தென்று இருக்கும், சுலபமாக வெட்டும் என்று நினைப்போம். அந்த மென்மைதான் ஆபத்து. சுருள் பிசுபிசுவென்று பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். கைப்பிடி இறுகியது, நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டக்!

டேப்பின் முக்கால்வாசி துளைக்குள். வெளியே பிடிப்பதற்கு ஒரு நூல் அளவுகூட இல்லை.

ஏன் இது இவ்வளவு பெரிய தலைவலி?

'டிரில் போட்டு எடுத்துவிட வேண்டியதுதானே?' என்றுதான் எனக்கும் தோன்றியது. அங்கேதான் சிக்கல். டேப் செய்யப்படுவது ஹெச்.எஸ்.எஸ் எனப்படும் கடின எஃகில். சாதாரண டிரில்லும் அதே எஃகுதான். தன்னளவே கடினமான ஒன்றை அது எப்படித் துளைக்கும்? டிரில் முனை வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மெல்லிய அலுமினியத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். மாட்டிக்கொண்ட பொருள் கெட்டி, அதைச் சுற்றியிருக்கும் பொருள் மென்மை. எந்தப் பலத்தைப் பிரயோகித்தாலும் அடி வாங்குவது மென்மையானதுதான்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். அந்த டேப்பின் விலை சுமார் 250 ரூபாய். ஆனால் அந்த வார்ப்பு? வார்ப்படச் செலவு, மேல்பக்கம் சமன் செய்த செலவு, உள்விட்டம் கடைந்த செலவு, 16 துளை போட்ட செலவு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் அதன் தலையில் ஏறியிருந்தது. மரை போடுவது பெரும்பாலும் கடைசி வேலைகளில் ஒன்று. அதாவது எல்லாச் செலவும் பொருளுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் டேப் ஒடியும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'அப்நார்மல் லாஸ்' என்று ஒரு கணக்கு போடுவோமே, பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்வோமே, அது கையில் கனமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்ப்பு நம்முடையதுகூட இல்லை. வாடிக்கையாளர் கொடுத்தது. மறுநாள் சாயங்காலம் டெலிவரி.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "பார்க்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

பழைய வைத்தியங்கள்

டேப் கண்டுபிடித்த காலத்திலிருந்தே அது ஒடிந்துகொண்டும் இருக்கிறது. அதனால் வைத்தியங்களும் நிறைய.

முதலாவது, டேப் எக்ஸ்ட்ராக்டர். மெல்லிய எஃகு விரல்கள் கொண்ட கருவி. அந்த விரல்களை ஒடிந்த டேப்பின் பள்ளங்களுக்குள் இறக்கி, மெதுவாகப் பின்னால் திருப்ப வேண்டும். டேப் லேசாக மாட்டியிருந்தால் வந்துவிடும். இறுகியிருந்தால் அந்த விரல்களும் ஒடிந்து உள்ளேயே விழும். அப்புறம் ஒன்றுக்கு இரண்டு!

இரண்டாவது, கூர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சில்லுகளாக உடைப்பது. டேப் எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் உடையது என்பதால் சில சமயம் பலிக்கும். ஆனால் மரை சிதையும், கண்ணுக்கும் ஆபத்து.

மூன்றாவது, ஒடிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஸ்பானர் போட்டுத் திருப்புவது. முனை வெளியே தெரிந்தால்தான் இது நடக்கும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: படிகாரம்! சலூனில் ஷேவிங் முடிந்ததும் தடவுவார்களே, அதேதான். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறை இது. பித்தளைத் தட்டில் தலைமுடி மாதிரி ஒரு எஃகு ஸ்க்ரூ ஒடிந்துவிட்டால், தட்டை அப்படியே சூடான படிகாரக் கரைசலில் ஊறப் போடுவார்கள். எஃகு மெல்லக் கரைந்து போகும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியத்திலும் இது வேலை செய்யும். ஆனால் மணிக்கணக்கில் பொறுமை வேண்டும். தண்ணீர்க்குடம் அளவு வார்ப்பைப் படிகாரத்தில் வேகவைக்க எங்கள் வீட்டில் பாத்திரம் கிடையாது.

இவற்றில் முதல் மூன்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. மூன்றுமே பலத்தை நம்புகின்றன. பலம் வேண்டாத படிகாரமோ நேரத்தைத் தின்னுகிறது. பலமும் வேண்டாம், நாள் கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதன் கதைதான் இந்தப் பதிவு.

பொறி தின்னும் உலோகம்

1770 வாக்கில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மின்பொறி விழுந்த இடத்தில் உலோகப் பரப்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுவதைக் கவனித்து எழுதினார். ஆம், ஆக்சிஜன் பாடத்தில் வருகிற அதே பிரீஸ்ட்லிதான். பொறி உலோகத்தைத் தின்கிறது என்பது அன்றே பதிவாகிவிட்டது. ஆனால் அடுத்த 170 வருடங்களுக்கு மின்சாரத் துறையில் எல்லோருக்கும் இது ஒரு தொல்லையாகவே இருந்தது. ஸ்விட்ச் முனை தேயும், ரிலே முனை தேயும், அவ்வளவுதான்.

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. அந்தப் போரில் படைகளுக்குச் சாமான் கொண்டுபோனவை பெட்ரோல் லாரிகள். பழைய பெட்ரோல் எஞ்சின்களில் சிபி பாயிண்ட் என்று ஒன்று இருக்கும். உங்கள் தாத்தா அம்பாசடரோ ஜீப்போ வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், மணல்தாள் வைத்துத் தேய்த்த கதை சொல்வார். எஞ்சின் சுற்றும்போது இரண்டு சிறிய உலோக முனைகள் சேர்ந்து பிரியும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் இடையில் ஒரு பொறி பறக்கும். ஒரு முனையில் குழி விழும், எதிர் முனையில் மேடு கட்டும். கடைசியில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்த முனைகளை டங்ஸ்டனில் செய்தார்கள். உலோகங்களிலேயே மிக அதிகச் சூட்டில், சுமார் 3,400 டிகிரி செல்சியஸில் உருகுவது அது. அதையும் பொறி தின்றது.

போர்க்களத்தில் வண்டி நின்றுபோவது சாதாரண விஷயமா? இந்தத் தேய்மானத்தை எப்படித் தடுப்பது என்று ஆராயும் வேலை போரிஸ் லசரென்கோ, நத்தாலியா லசரென்கோ என்ற விஞ்ஞானித் தம்பதியிடம் கொடுக்கப்பட்டது.

அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்று, முனைகளை எண்ணெய்க்குள் மூழ்கவைத்துப் பொறி விடுவது. தேய்மானம் நின்றதா என்றால், இல்லை. ஆனால் வேறொன்றைக் கவனித்தார்கள். காற்றில் பறக்கும் பொறி தாறுமாறாக இருந்தது. எண்ணெய்க்குள் விழும் பொறியோ ஒரே சீராக, முன்கூட்டியே சொல்லிவிடும்படி இருந்தது. அதாவது எவ்வளவு பொறி விட்டால் எவ்வளவு உலோகம் போகும் என்று கணக்குப் போடலாம்.

இந்த இடத்தில் நானாக இருந்தால் 'தடுக்க முடியவில்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். தேய்மானத்தைத் தடுக்க முடியாவிட்டால் என்ன, தேவையான இடத்தில் தேவையான அளவு தேய்க்க இதையே கருவியாக்கினால் என்ன? எஃகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், டங்ஸ்டனையே தின்கிற பொறிக்கு அது எம்மாத்திரம்?

1943ல் இந்த முறையை முன்வைத்தார்கள். ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் கொண்ட எளிய மின்சுற்றுதான் அவர்களுடையது. மின்தேக்கி மெல்ல நிறையும், நிறைந்ததும் இடைவெளி வழியே பொறியாகக் கொட்டும், மறுபடி நிறையும். இன்றும் அதை லசரென்கோ சுற்று என்றே சொல்கிறார்கள். 1946ல் அவர்களுக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. பின்னாளில் போரிஸ் மால்டோவாவின் கிஷினாவ் நகரில் ஓர் இயற்பியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். 1979ல் காலமானார்.

கடல் தாண்டி இன்னொரு கூட்டம்

ஆச்சரியம் என்னவென்றால், ஏறக்குறைய அதே வருடங்களில் அமெரிக்காவிலும் இதே பொறியைப் பிடித்தார்கள். ஹெரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் என்ற மூவர். லசரென்கோ தம்பதியின் கேள்வி 'தேய்மானத்தை எப்படித் தடுப்பது?'. இவர்களின் கேள்வியோ என் கேள்வியேதான்: அலுமினிய வார்ப்புக்குள் ஒடிந்துபோன டேப்பையும் டிரில்லையும் எப்படி வெளியே எடுப்பது?

படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. 16வது துளையில் அவசரப்பட்ட ஆள் நான் மட்டும் இல்லை போலிருக்கிறது!

முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது, உலோகத்தில் பெயர் பொறிக்கப் பயன்படும் சிறிய மின்கருவி. அதன் பொறிக்குச் சக்தி போதவில்லை. பொறியின் பலத்தைக் கூட்டியதும் வேறு தொல்லை வந்தது: கம்பியும் டேப்பும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். எனவே ஒவ்வொரு பொறிக்குப் பிறகும் கம்பி தானாகவே விலகி மறுபடி நெருங்கும்படி ஒரு மின்காந்த அமைப்பைச் சேர்த்தார்கள். துளைக்குள் சேரும் கழிவை அடித்துக்கொண்டுபோக ஒரு திரவத்தையும் ஓடவிட்டார்கள். அந்த இயந்திரம் விநாடிக்கு 60 பொறிகள் விட்டது. பிறகு வெற்றிடக் குழாய்கள் சேர்த்தபோது விநாடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் சாத்தியமாயின. வேலையும் வேகமெடுத்தது.

இரண்டு நாடுகளிலும் ஒரே நேரத்தில் இது ஏன் நடந்தது? எனக்குத் தோன்றும் பதில் வணிகவியல் பதில்தான். சமாதான காலத்தில் ஒரு வார்ப்பு போனால் தூக்கி உருக்கப் போட்டுவிட்டு இன்னொன்று செய்யலாம். போர்க்காலத்தில் உலோகமும் நேரமும் ஆளும் எல்லாமே பற்றாக்குறை. நஷ்டத்தின் விலை ஏறும்போதுதான் அதைப் பற்றி யோசிக்க ஆள் போடுகிறார்கள். 170 வருடமாகக் கண்ணெதிரே பறந்த பொறியை அப்போதுதான் யாரோ உட்கார்ந்து பார்த்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது?

அன்று சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, வார்ப்பை டிவிஎஸ் ஐம்பதின் முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்பார்க் பட்டறைக்குப் போனார். எங்கள் பக்கம் இந்த வேலைக்கே 'ஸ்பார்க்' என்றுதான் பெயர்.

"ஏனுங்க, இதை எடுத்துத் தர முடியுங்களா? நாளைக்கு டெலிவரி" என்றார் அப்பா.

ஸ்பார்க் அண்ணன் துளையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தம்பி வேலைங்களா?" என்று சிரித்தார். "இருங்க, முன்னாடியே முடிச்சுக் கொடுத்துடறேன்."

தொட்டி மாதிரியான மேசையில் வார்ப்பைப் பூட்டினார். துளைக்கு நேர் மேலே ஒரு செம்புக் கம்பி. டேப்பைவிடக் கம்பி சன்னமாக இருந்ததைக் கவனித்துக் கேட்டேன். "முழு டேப்பையும் எதுக்குத் திங்கணும்? நடுத்தண்டு போனாப் போதும், மிச்சம் தானா வந்துரும்" என்றார். தொட்டியில் எண்ணெய் நிரப்பினார். அந்தக் காலத்தில் இதற்கு மண்ணெண்ணெய்தான். இப்போது இதற்கென்றே தனி எண்ணெய் வருகிறது.

கம்பி டேப்பைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இடைவெளி. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இவ்வளவு குறுகிய இடைவெளியில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எண்ணெயும் வழிவிடும். பொறி பாயும். அந்த ஒரு புள்ளியில் சில ஆயிரம் டிகிரி சூடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எஃகு உருகி ஆவியாகும். பொறி நின்றதும் எண்ணெய் உள்ளே பாய்ந்து அந்தத் துகளை அடித்துக்கொண்டுபோகும். அடுத்த பொறி, அடுத்த துகள். டேப் குறையக் குறைய, கம்பியும் இடைவெளி மாறாமல் தானாகவே கீழே இறங்குகிறது.

இங்கே கடினத்துக்கு மதிப்பே இல்லை. மின்சாரத்தைக் கடத்தினால் போதும், வெண்ணெயும் ஒன்று, டேப் எஃகும் ஒன்று (வெண்ணெய் மின்சாரம் கடத்துமா என்று கேட்காதீர்கள் :-)). அதைவிட முக்கியம், இதில் தள்ளுதல், முறுக்குதல், அடித்தல் எதுவுமே இல்லை. அதனால் பக்கத்திலிருக்கும் மென்மையான அலுமினியத்துக்கு வலிக்கவில்லை.

சன்னமாக 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். எண்ணெய்க்கு அடியில் நீலமாக ஒரு மினுக்கல். கறுப்பாகப் புகை மாதிரி கழிவு மேலே வந்தது. ஒன்றரை மணி நேரம் நானும் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரே மாதத்தில் நான்கு டேப் ஒடித்ததை அப்பா அப்போதுதான் சொன்னார். ஸ்பார்க்குக்குக் கொடுக்க அப்போது கையில் காசு இல்லாமல், ராத்திரி முழுக்கப் பஞ்ச் வைத்துத் தட்டியே எடுத்தாராம். அதில் இரண்டு ஜாப் வீணாகி, பணத்தைக் கட்டித் தீர்க்க ஆறு மாதம் ஆனதாம். இத்தனை வருடத்தில் இதை வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எண்ணெய் வடிந்ததும் அண்ணன் ஒரு சிறிய இடுக்கியை விட்டார். நடுத்தண்டு போய்விட்டதால் டேப்பின் பற்கள் மூன்று தனித்தனிச் சீவல்களாகப் பிரிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புது டேப்பை விட்டு அப்பா ஒரு முறை மரையைச் சுத்தம் செய்தார், இரண்டு பேரும் போல்ட்டைத் திருகிப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. கூலி 400 ரூபாய். 6,000 ரூபாய் நஷ்டம் புது டேப்போடு சேர்த்து 650 ரூபாயாகச் சுருங்கியது.

அங்கிருந்து எங்கே போனது?

இந்த முறை ஒடிந்த டேப்போடு நிற்கவில்லை. கம்பியின் வடிவம் எதுவோ அதே வடிவக் குழி எஃகில் விழும் என்றால், கம்பிக்குப் பதில் ஒரு பொம்மை வடிவச் செம்பை இறக்கினால் பொம்மை அச்சு கிடைக்குமே! 1950களில் ஸ்விட்சர்லாந்து நிறுவனங்கள் இதைத் தொழில்துறை இயந்திரமாக்கின. 1960களின் இறுதியில், செம்புக் கட்டிக்குப் பதில் ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லிய கம்பியால் எஃகை அறுக்கும் வயர்கட் இயந்திரங்கள் வந்தன. இன்று நம் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றின் அச்சுகள், டீசல் எஞ்சினின் எரிபொருள் முனைத் துளைகள், விமான எஞ்சினின் டர்பைன் தகடுகளைக் குளிரவைக்கும் நுண்துளைகள் எல்லாவற்றிலும் இந்தப் பொறியின் வேலை இருக்கிறது. அணு உலைகளில் ஆள் நெருங்க முடியாத இடத்தில், தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்ட போல்ட்டுகளை எடுப்பதற்கும் இதே வித்தைதான்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இரண்டு நஷ்டங்கள். தேய்ந்துபோகும் ஒரு சிபி பாயிண்ட், ஒடிந்துபோன ஒரு டேப். லசரென்கோ தம்பதி தங்களிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மதிப்பெண் கணக்கில் பார்த்தால் அவர்கள் ஃபெயில். வண்டிகளின் பாயிண்ட் அதற்குப் பிறகும் பல வருடங்கள் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆனால் அந்தத் தோல்வியை அவர்கள் குப்பையில் போடாமல் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான், எண்பது வருடம் கழித்து எங்கள் தெருவில் ஓர் அண்ணன் என் தப்பை ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்ய முடிந்தது.

மறுநாள் டெலிவரி போய்விட்டது. அதற்கடுத்த நாள் அப்பா இன்னொரு வார்ப்பை என் முன்னால் வைத்து, டேப்பையும் கையில் கொடுத்தார். 16 துளை. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பதினாறாவது துளைக்கு மட்டும் எனக்கு இருபது நிமிடம் ஆனது. அப்பா பக்கத்தில் நின்று பார்க்கக்கூட இல்லை, டீ குடிக்கப் போய்விட்டார். அதுதான் எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அந்த மூன்று சீவல்களும் இப்போது என் மேசைமேல், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த வாரம் பரீட்சை. அப்நார்மல் லாஸ் கணக்கு வந்தால் இந்த முறை விடமாட்டேன் :-)